பையில் இன்னொரு மாலை

நீங்களும் உங்க வீட்டுக்காரரை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கீங்களா அக்கா?

கேட்கவே வேண்டாம், முகத்திலேயே எழுதியிருக்கு. மொதல் வாரம் வர்றவங்க எல்லாரும் அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. கதவு என்ன, எழுந்து ஓடியா போகப்போகுது? இப்படி நகர்ந்து வாங்க, அங்கே இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறும். இந்த வேப்பமரத்து பெஞ்சு நம்ம பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் இங்கேதான். இவ எம் பொண்ணு, இளவேனி. பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டா. வீட்டில் வாய் ஓயாது, வெளியே வந்தா ஊமை.

உள்ளே என்ன செய்வாங்களோன்னு பயப்படாதீங்க. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. வட்டமா நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தரா பேசுவாங்க. அப்புறம் டீ. அத்தனை பேரும் குடியிலேயே மூழ்கி எழுந்தவங்க, இப்போ கூடி உட்கார்ந்து குடிக்கிறது இஞ்சி டீ! மாதா கோயில் மண்டபம்னுதான் பேரு, உள்ளே போய்ப் பார்த்தா பட்டை போட்டவர் இருப்பார், தொப்பி வச்சவர் இருப்பார். ஃபாதர் வந்து கதவைத் திறந்து விட்டுட்டுப் போயிடுவார். ஜெபம் பண்ணுன்னு ஒருத்தரையும் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்து அறை தெரியுதா, நீலத் திரை போட்டது? அங்கே அருள்மேரி சிஸ்டர் நம்மளை மாதிரி வீட்டுப் பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒரு கூட்டம் நடத்துறாங்க. என்னையும் வாராவாரம் கூப்பிடுவாங்க. "எனக்கென்ன சிஸ்டர், நானா குடிச்சேன்?"ன்னு கேட்பேன். சிரிச்சுக்கிட்டே போயிடுவாங்க. நீங்க வேணும்னா போங்க. ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒரு வழி சொல்றேன், கேட்டுக்குங்க. பேசிப் பேசி விடுறதெல்லாம் எந்தக் காலத்தில் நடக்கும்? மாலை போட்டு விட்டுடுங்க. அன்னைக்கே நின்னுடும்.

நிஜமாத்தான் சொல்றேன். எங்க வீட்டில் நின்னுச்சே.

எங்க வீட்டுக்காரங்க டைல்ஸ் ஒட்டுற வேலை. நல்ல வேலைக்காரங்க. மணப்பாறையில் புதுசா கட்டின வீடுகளில் நீங்க வழுக்கி விழாம நடந்திருந்தா அது அவங்க கைவேலையா இருக்கும். சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமைன்னா அன்னைக்கு மட்டும்தான்னு ஆரம்பிச்சது, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அசதிக்கு, திங்கட்கிழமை தலைவலிக்கு. அடிக்கவெல்லாம் மாட்டாங்க, சொல்லக் கூடாது. வாசல்படியில் உட்கார்ந்துக்கிட்டு அழுவாங்க. உள்ளே வாங்கன்னா வர மாட்டாங்க. தெருவே வேடிக்கை பார்க்கும்.

காலையில் எழுந்ததும் அவங்களுக்கே வெட்கமா இருக்கும். வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வச்சு, "சுகந்தி, இதை எங்கேயாவது ஒளிச்சு வை. சாயங்காலம் நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காத"ம்பாங்க. கடை மெயின் ரோட்டில், எங்க ஊரிலிருந்து நடந்து போகிற தூரமில்லை. அதனால வண்டிச் சாவி. நானும் அரிசிப் பானைக்குள்ளே போட்டு வச்சுடுவேன். சாயங்காலம் வந்து நிப்பாங்க. "கொடு சுகந்தி. இன்னைக்கு மட்டும்." இளவேனி மிட்டாய்க்கு நிக்கிற மாதிரி நிப்பாங்க அக்கா. மனசு கேட்குமா? பானையில் கையை விட்டு எடுத்துக் குடுத்துடுவேன். நான் என்ன செய்யட்டும்?

எங்க அண்ணன் மகளுக்குக் காது குத்து. அண்ணிக்கும் எனக்கும் பந்தியில் ஏதோ ஒரு வார்த்தை. சாம்பார் வாளியைக் கையில் வச்சுக்கிட்டே, அத்தனை சனத்துக்கு நடுவில், "குடிகாரன் பொண்டாட்டிக்கு வாயைப் பாரு"ன்னாங்க. இலையை மடிச்சு வச்சுட்டு எழுந்து வந்தவதான். அந்த வார்த்தையை இனிமே ஒருத்தர் வாயிலிருந்தும் வரவிடக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்போதான் கார்த்திகை பிறந்தது. எங்க ஊரில் மாவு மில் வச்சிருக்கிற பழனியாண்டி ஐயாதான் குருசாமி. வருஷா வருஷம் சபரிமலைக்குக் கூட்டிக்கிட்டுப் போவார். அவர்கிட்ட அழைச்சுக்கிட்டுப் போய், ஐயப்பனுக்கு மாலை போட வச்சேன். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பு கிடையாது. விடிகாலையில் குளிச்சுட்டு சரணம் சொல்றாங்க. ஒரு சொட்டு தொடலை! கை நடுக்கம் கொஞ்ச நாள் இருந்துச்சு, அப்புறம் அதுவும் போயிடுச்சு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்தக் கோலத்திலேயே அவங்களை எங்க அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். மாலை போட்ட சாமி வீட்டுக்கு வந்தா என்ன செய்யணும்? அண்ணி ஓடி வந்து செம்புத் தண்ணியில் காலைக் கழுவி, விழுந்து கும்பிட்டாங்க. நான் பக்கத்தில் நின்னு ஆசை தீரப் பார்த்தேன். அன்னைக்குத்தான் எனக்கு ராத்திரிச் சோறு ருசிச்சது.

ஆனா மலைக்குப் போயிட்டுத் திரும்பினாங்க பாருங்க. வேன் வந்து நிக்குது, தேங்காயும் ஆரத்தியுமா நான் வாசல்ல நிக்கிறேன். கழுத்தில் மாலையைக் காணோம். அடிவாரத்திலேயே கழட்டியாச்சாம். வழியில் எங்கேயோ வண்டியை நிறுத்தியிருக்காங்க. கால் பின்னுது. அரவணைப் பாயசம் டப்பா மட்டும் ரெண்டு கையிலும் கெட்டியா இருக்கு. "பிரசாதம், கீழே வச்சுடாத"ன்னு என்கிட்ட குடுத்துட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துட்டாங்க. பழனியாண்டி குருசாமி தலையைக் குனிஞ்சுக்கிட்டே வண்டியில் ஏறிப் போயிட்டார்.

அப்போதான் எனக்கு வெளிச்சமாச்சு. தப்பு மாலையில் இல்லை. கழட்டினதில்தான்.

இந்த ஊரில் மாலைக்கா பஞ்சம்? தை பிறந்தா பழனிக்குப் பாதயாத்திரை, பச்சை வேட்டி. மாசியில் சமயபுரத்தா, மஞ்சள். அப்புறம் ஆடி வரைக்கும் மாசத்துக்கு ஒன்னு, ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்து போறாங்க, அதுக்கு நாமளும் போகலாம், மாதா வேண்டாங்கவா போறா? புரட்டாசிதான் ஏமாத்து மாசம். கறி தின்ன மாட்டானுங்க, குடிக்கிறதுக்குத் தடை இல்லைன்னு ஒரு சட்டம் வச்சிருக்கானுங்க. அதுக்கும் பெருமாளுக்கு ஒரு துளசி மணியைக் கோத்துப் போட்டேன். ஐப்பசியில் தீபாவளி வருமே, அதுதான் பொல்லாத கண்டம், அதுக்குக் கந்த சஷ்டி. ஒன்னு கழட்டுறதுக்கு முன்னாடி அடுத்தது கழுத்தில் ஏறிடணும். பழைய மாலை தலை வழியா வெளியே வரும்போது புது மாலை கழுத்தில் கிடக்கணும். இதான் என் கணக்கு.

குருசாமி ஒரு தடவை, "ஒரு விரதத்தை முடிக்காம அடுத்ததைத் தொடங்கக் கூடாதும்மா"ன்னார். "ஐயப்பனும் முருகனும் அண்ணன் தம்பிதானே சாமி, அவங்களுக்குள்ளே என்ன பங்காளிச் சண்டை?"ன்னேன். மாவு மெஷின் ஓடுற சத்தத்தில் சிரிச்சுட்டார். போட்டு விட்டுட்டார்.

அப்புறம் என்ன, ராஜபோகம்தான். குடி இல்லை, கூச்சல் இல்லை. எங்க அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டாங்க, மாப்பிள்ளை சாமியாராவே ஆயிட்டார்னு.

மாலை போட்டவங்களை எப்படிக் கூப்பிடுவோம்? சாமி. "சாமி, சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" "சாமி, தண்ணி காய்ஞ்சுடுச்சு." அவங்க என்னை மாளிகைப்புரம்பாங்க. பொம்பளைங்களை அப்படித்தானே கூப்பிடணும்? ஐயப்பன் முடிஞ்சு முருகன் வந்த பிறகும் அந்தப் பேரே நிலைச்சுடுச்சு. "மாளிகைப்புரம், கொஞ்சம் ரசம்." அவ்வளவுதான் பேச்சு. அவங்களுக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளர், முன்னறையில் ஒரு பாய். நானும் இவளும் உள்ளே. தொடக் கூடாது, அது முறை. மாசத்தில் அந்த நாளுங்க வந்தா நான் பின்கட்டில், அவங்க குருசாமி வீட்டில் சாப்பாடு.

எனக்கென்ன கஷ்டம்? நான் பாட்டுக்கு மெஷினில் ரவிக்கை தைப்பேன், டிவியைப் போட்டு விட்டுடுவேன். டிவியில் பேசுறவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டே தைப்பேன். ஒரு நாடகத்தில் ஒரு மாமியார் வருவா, அவளை நான் திட்டாத திட்டு இல்லை. மிக்சியோடகூடப் பேசுவேன். சிரிக்காதீங்க, நிஜமா. "என்னடி, மல்லிகூட அரைய மாட்டேங்கிற?"ன்னு.

ஒரு தரம் எனக்குக் காய்ச்சல். நெருப்பாக் கொதிக்குது. அந்த நாளும் சேர்ந்துக்கிச்சு, அவங்க பக்கத்தில் வர முடியாது. வாசலுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "மாத்திரை போட்டியா மாளிகைப்புரம்?"ன்னாங்க. மாத்திரை அட்டையைப் படியில் வச்சுட்டு நாலடி தள்ளிப் போய் நின்னாங்க. நான் எழுந்து போய் எடுத்துக்கிட்டேன். எடுத்துட்டேனான்னு பார்த்துட்டுத்தான் போனாங்க. நல்ல மனசுதான். குடிச்சுக்கிட்டிருந்த காலமா இருந்தா என் காய்ச்சலே தெரிஞ்சிருக்காதே.

ஒன்னு மட்டும் சொல்றேன் அக்கா, அவங்க குடிச்சப்போ தெருவில் நாலு பேர் வந்து, "என்னாச்சு சுகந்தி, சாப்பிட்டியா?"ன்னு எட்டிப் பார்ப்பாங்க. சாமி ஆன பிறகு ஒருத்தரும் வர்றதில்லை. வருவானேன்? எங்க வீட்டில்தான் எல்லாம் நல்லா இருக்கே.

இவளுக்கு விவரம் தெரிஞ்ச நாளா அவங்க கழுத்தில் மாலை. நான் சாமின்னா இவளும் சாமி. அங்கன்வாடி டீச்சர், "உங்கப்பா பேரு என்ன?"ன்னு கேட்டிருக்காங்க. "அப்பா இல்லை, சாமி இருக்கு"ன்னாளாம். டீச்சர் என்கிட்ட சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டில் வந்து அவங்ககிட்டயும் சொன்னேன். அவங்க சிரிக்கலை. கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வச்சுட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டாங்க. விரதம் இருக்கிறவங்களுக்குச் சிரிப்பு வராது போலிருக்குன்னு விட்டுட்டேன்.

அப்புறம்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் ஆரம்பிச்சது. பஜனைக்குப் போறேன்னு குருசாமியோட கிளம்புவாங்க. நல்லதுதானேன்னு இருந்தேன். ஒரு நாள் நானும் வர்றேன்னு கிளம்பினேன். பஸ் வந்து நின்ன இடம் மாதா கோயில். இதென்ன கூத்து, வேளாங்கண்ணிக்கு இன்னும் எத்தனையோ மாசம் கிடக்கேன்னு பார்த்தா, ரெண்டு பேரும் இந்த மண்டபத்துக்குள்ளே போறாங்க. இவ தண்ணி கேட்டா. குழாய் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கு. பிடிச்சுக்கிட்டு இருக்கேன், உள்ளே அவங்க குரல்.

"என் பேரு பொன்னர். நான் ஒரு குடிகாரன்."

டம்ளர் நிரம்பி என் கால் எல்லாம் தண்ணி. எந்த வார்த்தைக்காக நான் பந்தியிலிருந்து எழுந்து வந்தேனோ, எந்த வார்த்தையை ஊர் வாயிலிருந்து நான் கழுவிக் கழுவி எடுத்தேனோ, அதைக் கழுத்தில் மாலையோட அவங்களே நின்னு சொல்றாங்க! உள்ளே ஒருத்தராவது, "ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க"ன்னாங்களா? "வணக்கம் பொன்னர்"ங்கிறாங்க எல்லாரும் சேர்ந்து.

இன்னும் சொன்னாங்க. "குடியை நான் விடலைங்க. கழுத்தில் கிடக்கிறதுதான் விட்டிருக்கு. இதைக் கழட்டினா நான் யாருன்னு எனக்கே தெரியலை. பயமா இருக்கு. வீட்டில் சொல்ல முடியலை. அவ என்னைப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. மாலையைத்தான் பார்க்கிறா."

நான் பார்க்கலையாம்! மூணு வேளையும் சோறு போடுறவ, வேட்டி துவைச்சுப் போடுறவ, பார்க்காமலா செய்யறேன்? வந்த கோபத்தில் தண்ணியை இவ தலையிலேயே கொட்டிட்டேன். ஊர் பேர் தெரியாத இத்தனை பேர்கிட்ட சொல்லத் தெரியுது. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவகிட்ட, ரசம் கேட்கிற நேரத்தில், ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லக் கூடாதா? அதுதான் என் வருத்தம். வேற ஒன்னுமில்லை.

நேரா குருசாமியைப் பிடிச்சேன். "நீங்களே இப்படிச் செய்யலாமா? மாலை போட்ட சாமியைக் குடிகாரன்னு சொல்ல வைக்கிற இடத்துக்குக் கூட்டிக்கிட்டு வரலாமா?"ன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "நானும் அதைத்தாம்மா சொல்றேன் உள்ளே. நான் குடிக்காம எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னும் அப்படித்தான் சொல்றேன்"னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கே குருசாமி! "மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போறது சுலபம். இறங்கி வந்த பிறகு கூட இருக்க ஆள் வேணும், அது எனக்குத் தெரியாமப் போச்சு. அன்னைக்கு உன் வாசல்ல தலையைக் குனிஞ்சேனே, அதை மறக்க முடியாமத்தான் இப்போ இங்கே வர்றவங்களோட இவனையும் சேர்த்தேன்"னார்.

இப்போ பழனிக்குப் போயிட்டு வந்தாச்சு, அந்த மாலை இன்னும் கழுத்தில்தான். அடுத்தது சமயபுரம், மாசி மாலை. குருசாமிகிட்ட போய்க் கேட்டா, "போட மாட்டேம்மா"ன்னுட்டார். "தெய்வத்தை உன் வீட்டுக்காரனுக்குக் காவல்காரனா நிறுத்தினது போதும்"னார்.

விடுவேனா நான்? இந்தப் பையில் என்ன இருக்குன்னு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே? இங்கே பாருங்க. மஞ்சள் வேட்டி. மாலை. நேத்து நானே சந்தையில் பார்த்து வாங்கினேன். குருசாமி போடாட்டி என்ன, சமயபுரத்தா கோயில் வாசலில் எந்தப் பூசாரி வேணும்னாலும் போடுவார். இன்னைக்குத்தான் அக்கா அவங்க கழட்டப் போறாங்க. போன வாரம் ஜன்னல் வழியா கேட்டேன், "அடுத்த ஞாயிறு, அடுத்த மாலை போடாமலே இதைக் கழட்டப் போறேன்"ன்னாங்க. எல்லாரும் கை தட்டுறாங்க. தட்டுறவங்களுக்கு என்ன, டீயைக் குடிச்சுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. சாயங்காலம் அவங்களோட இருக்கப்போறது நானும் இந்தப் பிள்ளையும். மாலை இல்லாத அந்த மனுசனை எனக்கு எப்படி வச்சுக்கணும்னே தெரியாதே. குடிச்சிருந்தா என்ன செய்யணும்னு தெரியும், வாசல்படியில் ஒரு போர்வையைக் கொண்டுபோய்ப் போடணும். சாமியா இருந்தா என்ன செய்யணும்னு தெரியும், தனித் தட்டு. ரெண்டும் இல்லாம ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தா, நான் என்ன பேச?

அதெல்லாம் ஒன்னுமில்லை. கண்ணில் வேப்பம்பூ விழுந்துடுச்சு. மாசி கூடப் பிறக்கலை, அதுக்குள்ளே பூவான்னு பார்க்காதீங்க, ஏதோ தூசி.

சத்தம் கேட்குதா? நாற்காலியை மடக்குறாங்க. முடிஞ்சுது. அதோ, முதல்ல வர்றவர்தான் எங்க குருசாமி. கையில் தேங்காய். எதிரே பிள்ளையார் கோயில்ல உடைச்சுட்டுக் கழட்டணும்னு ஏற்பாடு. பின்னாடி, பச்சை வேட்டி, தாடி... ஆமா, அவங்கதான். உங்க வீட்டுக்காரர் அந்தக் கட்டம் போட்ட சட்டையா? தொப்பிக்காரர் தோளில் கை போட்டுக் கூட்டிக்கிட்டு வர்றார் பாருங்க. எழுந்திருக்காதீங்க, அவரே இங்கே வருவார்.

தேங்காய் உடைஞ்சுடுச்சு. ரெண்டு மூடியும் ஒழுங்கா உடைஞ்சிருக்கு. குருசாமி ஏன் கழட்டாம நிக்கிறார்? மாலையைக் கழட்டுறதுன்னா ஒன்னு குருசாமி செய்யணும், இல்லைன்னா பெத்த தாய். எங்க மாமியார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆச்சு. என்னமோ பேசுறாங்க. இந்தப் பக்கம் கையைக் காட்டுறார். என்னையா?

அக்கா, கேட்டுச்சா உங்களுக்கு? சாமியும் இல்லை, மாளிகைப்புரமும் இல்லை. "சுகந்தி, நீ வந்து கழட்டு"ங்கிறாங்க. இத்தனை பேருக்கு நடுவில், என் பேரைச் சொல்லி.

இளவேனி, இறங்குடா. அம்மா புடவையைப் பிடிச்சுக்கிட்டு வா. அங்கே நிக்கிறது யாரு? இல்லைடி, சாமி இல்லை. வா, வந்து பாரு.

அக்கா, அவங்க என்னைவிட உயரம், குனிஞ்சாலும் எனக்கு ரெண்டு கையும் வேணும். இந்தப் பையை நீங்க வச்சுக்குங்க. சாயங்காலம் நானே உங்களைத் தேடி வந்து கெஞ்சினாலும் குடுத்துடாதீங்க.